காசு குடுத்து காஞ்ச இலை வாங்கணுமா?

கேள்வி: வணக்கம் அக்கா. மகளுக்கு ரெண்டு வயசு, ஆயர் ஈத்தாம் பிளாட்ல இருக்கோம். இயற்கைப் பொருள வச்சு கைவேலை செய்யிற செட் ஒன்னு ஆன்லைன்ல 89 வெள்ளிக்கு பாத்தேன், காஞ்ச இலை, பைன் காய், விதை, கலர் மணி, கம் எல்லாம் பெட்டியிலயே வருது. படத்துல சின்னப் புள்ள விளையாடுது, ஆனா கீழ பொடி எழுத்துல 3 வயசுக்கு மேலனு போட்டிருக்கு. வாங்கலாமா? முன்ன வேற ஒருத்தர்கிட்ட இதே மாதிரி வாங்கி பாதி சாமான் வரல, மெசேஜ் போட்டா பதிலும் இல்ல.

பதில்: வாங்காதீங்கமா. படத்த விடுங்க, அந்த பொடி எழுத்துதான் முக்கியம். 3 வயசுன்னு போட்டா அது புள்ளையோட அறிவுக்குனு நெனச்சிட்டு, எம்புள்ள கெட்டி, செஞ்சிடுவானு நெறைய பேரு வாங்கிடுறாங்க, ஆனா அது தொண்டையில போயி அடைக்குமா அடைக்காதாங்கிறதுக்கு போடுற வயசு. 3 வயசுக்குக் கீழ உள்ளவங்க பொம்மைய சோதிக்க 3.17 சென்டிமீட்டர் அகலத்துல ஒரு உருளை இருக்கு, அதுக்குள்ள முழுசா அடங்குற எந்தத் துண்டும் அந்த வயசுக்கு ஆகாது. வீட்ல டிஷ்யூ ரோல் தீந்ததும் மிஞ்சுற அட்டைக் குழாய வச்சு நீங்களே பாத்துக்கலாம், அது கொஞ்சம் அகலம் கூட, அதனால அதுக்குள்ள விழாத சாமான மட்டும் குடுத்தா இன்னும் பத்திரம். மணி, விதை, கடற்கரையில கெடக்கிற சவுக்குக் காய் எல்லாமே உள்ள விழுந்துடும்.

மலேசியாவுல விக்கிற பொம்மைக்கு எம்சி (MC) முத்திரை இருக்கணும், பாதுகாப்புத் தரத்துக்கு ஒத்திருக்குனு காட்டுற முத்திரை அது. விக்கிறவங்ககிட்ட முத்திரை தெரியிற மாதிரி படம் கேளுங்க, மழுப்பினா விட்டுடுங்க. அப்புறம் தண்ணியில போட்டா உப்புற ஜெல்லி மணி சில செட்ல வருது, அத வீட்டுக்குள்ளயே விடாதீங்க, முழுங்கினா குடலுக்குள்ள போய் உப்பி அடைச்சிக்கும், ஆபரேஷன் வரைக்கும் போன புள்ளைங்க உண்டு.

வராத சாமானுக்கு சும்மா இருக்காதீங்க. ஆர்டர் ஸ்கிரீன்ஷாட், பார்சல் பிரிச்ச படம், நீங்க போட்ட மெசேஜ் மூனையும் எடுத்து வச்சு முதல்ல ஆப்லயே காச திருப்பிக் கேளுங்க. நடக்கலன்னா வாங்கினவங்க புகார விசாரிக்கிற பயனீட்டாளர் டிரிபியூனல் இருக்கு, 5 வெள்ளி கட்டி மனு குடுக்கலாம், வக்கீல் வேணாம், 3 வருஷத்துக்குள்ள குடுத்தாப் போதும். எப்படி எழுதுறதுனு தெரியலன்னா பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துல கேளுங்க.

சரி, புள்ளைக்கு என்ன செய்யிறது. செல்லோடேப்ப ஒட்டுற பக்கம் வெளிய வர்ற மாதிரி அவ கையில லூசா ஒரு சுத்து சுத்திவிட்டு கீழ நடக்கக் கூட்டிட்டுப் போங்க, கீழ விழுந்த இலை பூ இதழ அவளே ஒட்டிக்குவா, அதுவே ஒரு வளையல், கம் கூட தேவைப்படாது. கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) மர இலை விழுறதுக்கு முன்னாடி செவப்பாயிடும், அது அவ முகத்த விட பெருசு, வாய்க்குள்ள போகாது, பெயிண்ட் தடவி பேப்பர்ல அழுத்தினா நரம்பெல்லாம் அச்சா விழும். செம்பருத்தி இதழ தாள்ல தேச்சா ஊதா கலர் வரும், அது மேல எலுமிச்சம்பழச் சாறு ஒரு சொட்டு விட்டா ரோஸ் ஆகும், இத பாக்குற புள்ள முகத்துக்கு 89 வெள்ளி பெட்டி ஈடாகாது. நம்ம ஊரு ஈரத்துக்கு எதையும் சேத்து வைக்காதீங்க, பூஞ்சை புடிச்சிரும், அன்னைக்கே விளையாடி அன்னைக்கே தூக்கிப் போடுங்க. அரளி மட்டும் கிட்டயே வேணாம், கோயில் மாலையில இருந்து உதிர்ந்ததா இருந்தாலும் சரி, இலை பூ காய் எல்லாமே விஷம்.

கேள்வி: பட்டர்வொர்த்ல இருந்து எழுதுறேன். பசார் மாலாம்ல (இரவுச் சந்தை) செவப்பு விதை கோத்த வளையல் பேரனுக்கு வாங்கினேன், 5 வெள்ளி. சாகா விதைன்னு சொல்லி வித்தாங்க. ஆனா ஒவ்வொன்னுலயும் ஒரு கறுப்புப் புள்ளி இருக்கு.

பதில்: ஐயா, மொதல்ல அத புள்ள கையில இருந்து கழட்டிடுங்க. சாகா மரத்து விதை முழுச் செவப்பு. கறுப்புப் புள்ளி இருந்தா அது குன்றிமணி, கொடியில காய்க்கிறது, உள்ள அப்ரின்னு கொடிய விஷம் இருக்கு. தோல் உடையாம இருந்தா அது சட்டுனு வெளிய வராது, ஆனா வளையலுக்கு ஓட்டை போட்டுட்டாங்களே, அதுதான் பயம். 2011ல இங்கிலாந்துல ஈடன் புராஜெக்ட்ங்கிற இடத்துல வித்த குன்றிமணி வளையல இதே காரணத்துக்கு திருப்பி வாங்கினாங்க. பேரன் கடிச்சிருப்பான்னு சந்தேகம் வந்தா வாந்தி வரட்டும்னு காத்திருக்காம, வளையலையும் எடுத்துக்கிட்டு நேரா ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு போங்க, விஷம் சம்பந்தமா டாக்டர்மாருக்கே ஆலோசனை சொல்ற தேசிய விஷ மையம் நம்ம பினாங்கு யுஎஸ்எம் பல்கலைக்கழகத்துலதான் இருக்கு. வித்தவர்கிட்டயும் சொல்லுங்க, அவருக்கும் தெரியாம இருக்கலாம், இன்னும் எத்தன வீட்டுக்கு போயிருக்கோ. உண்மையான சாகா விதையா இருந்தாலும் 3 வயசுக்குக் கீழ உள்ள புள்ள கையில குடுக்காதீங்க, தொண்டையில அடைக்கிற சைஸ் அது.

கேள்வி: நான்-டாக்சிக்னு போட்ட கம் வாங்கினா போதுமா அக்கா? மகனுக்கு ஒன்றரை வயசு, கோலாலம்பூர்.

பதில்: அந்த வார்த்தைய யார் வேணும்னாலும் அச்சடிச்சிடலாம் தம்பி. ஏபி (AP) முத்திரை இருக்கானு பாருங்க, விஷமில்லைனு சோதிச்ச கைவேலைச் சாமானுக்கு அமெரிக்காவுல குடுக்கிற முத்திரை அது. ஒன்றரை வயசுக்கு அதுவும் வேணாம், ரெண்டு ஸ்பூன் மைதாவ அரை டம்ளர் தண்ணியில கரைச்சு அடுப்புல கிண்டினா பசை ரெடி. கோதுமை ஒத்துக்காத புள்ளன்னா அரிசி மாவுல செய்யிங்க. மிஞ்சினத பிரிட்ஜ்ல வச்சு ரெண்டு நாள்ல கொட்டிடுங்க.