வாசகர் கேள்வி - பதில்: கோல்ஃப் வீச்சில் ஆண், பெண் வித்தியாசம்

கேள்வி: என் மகனும் மகளும் சென்னையில் படித்துக்கொண்டே கோல்ஃப் கற்கிறார்கள். விடுமுறைக்கு வந்தால் சம்பா அறுத்த எங்கள் வயலில் பயிற்சி. அண்ணனுடைய கிளப்பால்தான் (கோல்ஃப் மட்டை) இவளும் அடிக்கிறாள். தூரம் போவதில்லை, பந்து வலப்பக்கம் வளைகிறது. "கையை வேகமாக வீசு" என்கிறான் அண்ணன். அப்படி வீசினால் இன்னும் வளைகிறது. மணிக்கட்டும் வலிக்கிறதாம். பெண்களுக்கு வீச்சு முறையே வேறா?
- வாசகி, திருவிடைமருதூர்

பதில்: முறை ஒன்றுதான். கிளப்பை இறக்கும்போது முதலில் இடுப்பு திரும்ப வேண்டும். அடுத்து மார்பு, பிறகு கை, கடைசியில் கிளப். கை முந்திக்கொண்டால் மணிக்கட்டின் மடிப்பு பாதியிலேயே பிரிந்து வேகம் வீணாகும். கிளப் வெளியிலிருந்து உள்ளே அறுத்துக்கொண்டு வரும். வலக்கைக்காரர் அடிக்கும் பந்து வலப்பக்கம் வளைவது பெரும்பாலும் இதனால்தான். ஆகவே அண்ணன் சொல்லும் யோசனையை இன்றே நிறுத்துங்கள்.

தூரத்தில் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். தொழில்முறை ஆட்டக்காரர்களிலேயே டிரைவரை (தூரம் அடிக்க உதவும் நீளமான கிளப்) வீசும் வேகம் ஆண்களுக்கு மணிக்குச் சுமார் 113 மைல், பெண்களுக்குச் சுமார் 94 மைல். மேலுடல் தசையும் உயரமும் முக்கியக் காரணங்கள். மறுபக்கம், பெண்களுக்கு உடல் நன்றாகத் திரும்பிக்கொடுக்கும். அது பெரிய வசதி. ஆனால் தோளோடு சேர்ந்து இடுப்பும் முழுதாகச் சுற்றிவிட்டால் முறுக்கே ஏறாது. தோள் 90 பாகை திரும்பினால் இடுப்பு 45 பாகையோடு நிற்கட்டும்.

இதற்குப் பந்தில்லாமல் ஒரு பயிற்சி: கால்களைச் சேர்த்து நின்று கிளப்பைத் தூக்கட்டும். அது உச்சிக்குப் போய்ச் சேருமுன்பே இடக்காலை இலக்குப் பக்கம் எடுத்து வைத்து, பிறகு வீசட்டும். தினமும் 10 முறை போதும். இடுப்பு தானாக முந்தும்.

கிளப்பையும் மாற்றுங்கள். ஆண்களின் டிரைவர் சுமார் 45 அங்குலம்; பெண்களுடையது ஓர் அங்குலம் குட்டை, ஷாஃப்ட் (கிளப்பின் தண்டு) இலேசு, லாஃப்ட் (அடிக்கும் முகத்தின் சாய்வு) 12 பாகையோ அதற்கு மேலோ. விறைப்பான ஷாஃப்டில் மெதுவாக அடித்தால் பந்து எழும்பாது, வலப்பக்கமும் ஒதுங்கும். தடித்த பிடியும் மணிக்கட்டைக் கட்டிப்போடும்.

வலிக்கு வயலும் காரணமாக இருக்கலாம். அயர்ன் (உலோகத் தகடு போன்ற தலையுள்ள கிளப்) பந்தைத் தாக்கியதும் தரையை வெட்டும்; புல்தரை விட்டுக்கொடுக்கும், காய்ந்த டெல்டா களிமண் கொடுக்காது. அதிர்ச்சி நேரே மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் ஏறுகிறது. வலி தீரும்வரை அடிக்க வேண்டாம். பிறகும் பந்தை டீயில் (தரையில் குத்தும் சிறு முளை) வைத்தோ, தடித்த கயிற்று மிதியடி இரண்டை அடுக்கி அதன்மேல் வைத்தோதான் அடிக்க வேண்டும். வெடிப்பு விட்ட இடத்தில் நிற்க வேண்டாம். பாதம் மாட்டிக்கொள்ள உடல் திரும்பினால் முழங்கால் திருகிக்கொள்ளும்.

கேள்வி: வயது 52. ஆடிய மறுநாள் கீழ்முதுகு பிடித்துக்கொள்கிறது. என்ன செய்யலாம்?
- வாசகர், மன்னார்குடி

பதில்: இடுப்பு மூட்டு இறுகியிருந்தால் அது திரும்பாத பங்கை முதுகு திரும்பி ஈடுகட்டும். இடது பாதத்தை 20 - 30 பாகை வெளிப்பக்கம் திருப்பி நில்லுங்கள். கிளப்பைத் தூக்கும்போது இடது குதிகால் எழும்பினால் எழும்பட்டும். முக்கால் வீச்சோடு நிறுத்துங்கள். வலி காலுக்கு இறங்கினாலோ, மரத்துப்போனாலோ ஆட்டத்தை விட்டுவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.