மாவுக்கட்டுக்குள் இருக்கும் தொடைக்கு என்ன வேலை கொடுப்பது?

கேள்வி: எனக்கு வயது 47. பெரம்பூரில் இருக்கிறேன், கூரியர் வேலை. வண்டியிலிருந்து விழுந்ததில் வலது காலில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் தேவையில்லை என்று தொடை வரை மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாதாம். கட்டுப் போட்டு நான்கு நாள் ஆகிறது. போன வருடம் இதேபோல் கட்டுப் போட்ட என் நண்பருக்கு, பிரித்தபோது கால் குச்சியாக இருந்தது. மாடிப்படி ஏறவே அவருக்குப் பல மாதம் பிடித்தது. எனக்கும் அப்படி ஆகாமலிருக்க இப்போதே ஏதாவது செய்யலாமா? அம்மா காலை அசைக்கவே விடமாட்டேன் என்கிறார். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன்.

பதில்: நல்ல நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள். பலரும் இதைக் கட்டுப் பிரித்த பிறகுதான் கேட்பார்கள். தசை அதுவரை காத்திருப்பதில்லை. நல்ல ஆரோக்கியமான இளைஞர்களின் முழங்காலை அசையாமல் கட்டி வைத்து அளந்து பார்த்திருக்கிறார்கள். ஐந்தே நாளில் முன்தொடைத் தசையின் பருமன் 3 முதல் 4 சதவீதம் குறைந்தது, இரண்டு வாரத்தில் சுமார் 8 சதவீதம். வலிமை இன்னும் வேகமாக விழுந்தது: அதே இரண்டு வாரத்தில் 20 சதவீதத்துக்கும் மேல். பருமனைவிட வலிமை இவ்வளவு அதிகமாகக் குறையக் காரணம், மூளையிலிருந்து தசைக்கு வரும் கட்டளையும் சேர்ந்தே பலவீனமாவதுதான். அதனால் இந்த ஆறு வாரமும், முக்கியமாக முதல் இரண்டு வாரம், 'இறுகு' என்ற கட்டளை அந்தத் தொடைக்குத் தினமும் பலமுறை போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

அம்மா பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. முறிந்த எலும்பு அசையக் கூடாது, அதற்காகத்தான் கட்டு. ஆனால் மூட்டு மடங்காமலே ஒரு தசை இறுகித் தளர முடியும். ஐசோமெட்ரிக் பயிற்சி என்று நாங்கள் சொல்வது இதைத்தான். இதை அம்மாவிடம் செய்தே காட்டுங்கள், கட்டு ஒரு நூல்கூட நகராது.

தொடங்கும் முன் உங்கள் எலும்பு மருத்துவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: தொடையை இறுக்கலாமா? கட்டோடு காலைத் தூக்கலாமா? எப்போது ஊன்றலாம்? எலும்பு எந்த இடத்தில், எப்படி முறிந்திருக்கிறது என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். உங்கள் எக்ஸ்ரேயை நான் பார்க்கவில்லை. எனவே முதல் கேள்விக்கு அவர் சரி சொன்ன பிறகே கீழே உள்ளதைச் செய்யுங்கள்.

கட்டிலில் கால் நீட்டிப் படுத்துக்கொள்ளுங்கள். கட்டுக்குள்ளேயே முழங்கால் சில்லைத் தொடைப்பக்கம் மேலே இழுப்பதாக நினைத்து முன்தொடையை இறுக்குங்கள். ஐந்து எண்ணும்வரை பிடித்து, முழுதாகத் தளர்த்துங்கள். இப்படிப் பத்து முறை. வாய்விட்டு எண்ணுவது நல்லது, மூச்சை அடக்கினால் இரத்த அழுத்தம் ஏறும். விழித்திருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இதைச் செய்யலாம். முதல் நாள் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். அதற்காக விட்டுவிடாதீர்கள். முதலில் இடது தொடையில் கை வைத்து, இறுகும்போது எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, பிறகு இரண்டு தொடையையும் ஒன்றாக இறுக்குங்கள். புட்டத் தசையையும் இதே கணக்கில் இறுக்கலாம். கால் விரல்களை அடிக்கடி மடக்கி நீட்டுங்கள். தசை இறுகும் களைப்பு இருக்கலாம், முறிந்த இடத்தில் சுளீரென்று வலித்தால் நிறுத்திவிட வேண்டும்.

காலைத் தூக்குவது வேறு விஷயம். தொடை வரை போட்ட கட்டு நல்ல கனம் இருக்கும். இரண்டாவது கேள்விக்கும் அனுமதி கிடைத்தால்தான் அதைத் தொடங்க வேண்டும்.

இனி, பலரும் நம்ப மறுக்கும் ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் இடது காலுக்குப் பயிற்சி கொடுத்தால் வலது காலின் வலிமையும் ஓரளவு காப்பாற்றப்படும். 1894-லேயே அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஸ்கிரிப்ச்சர் என்பவரும் அவருடன் இருந்தவர்களும் ஒரு கைக்குப் பயிற்சி கொடுத்தால் மறு கையும் வலுப்பெறுவதைப் பதிவு செய்திருக்கிறார்கள். கையில் கட்டுப் போட்டவர்களை வைத்துப் பின்னாளில் செய்த ஆய்வுகளிலும், மறு கைக்குப் பயிற்சி கொடுத்தவர்களின் வலிமை குறைவது தடுக்கப்பட்டது. இது நரம்பு வழியாக நடப்பது. வலிமையைக் காக்கும், பருமனுக்கு அவ்வளவாக உதவாது.

இதற்குப் பயிற்சி சும்மா ஒப்புக்கு இருக்கக் கூடாது. உறுதியான நாற்காலியில், வலது காலை ஒரு ஸ்டூலில் தாங்கி வைத்து உட்காருங்கள். ஒரு துணிப்பையில் ஒன்று அல்லது இரண்டு கிலோ அரிசி கட்டி இடது கணுக்காலில் மாட்டி, முழங்காலை முழுதாக நீட்டி மெதுவாக இறக்குங்கள். பத்துப் பன்னிரண்டு முறை செய்யும்போது கடைசி இரண்டு மூன்று கஷ்டப்பட்டுத்தான் வர வேண்டும். சுலபமாக வந்தால் எடையைக் கூட்டுங்கள். மூன்று சுற்று, வாரத்தில் மூன்று நாள். சர்க்கரை இருப்பதால் பை உரசும் இடத்தில் துணி சுற்றி, முடித்ததும் தோலைப் பாருங்கள்.

மனதுக்குள் செய்யும் பயிற்சியையும் லேசாக எண்ண வேண்டாம். மணிக்கட்டில் நான்கு வாரம் கட்டுப் போட்டவர்களில், தசையை இறுக்குவதாக வாரத்தில் ஐந்து நாள் கற்பனை செய்தவர்கள் இழந்த வலிமை, செய்யாதவர்கள் இழந்ததில் ஏறக்குறைய பாதிதான். இரவு தூக்கம் வராதபோது கண்ணை மூடிக்கொண்டு மாடிப்படி ஏறிப் பாருங்கள், ஒவ்வொரு படியிலும் வலது தொடை இறுகுவதை நினைத்து.

மின்தூண்டல் கருவி தசை இழப்பைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் அதன் பட்டைகள் தோலில் ஒட்ட வேண்டும், உங்கள் மாவுக்கட்டில் அதற்கு இடமில்லை. மருந்துக்கடையில் வலிக்கு விற்கும் டென்ஸ் மிஷின் இந்த வேலைக்கானது கிடையாது.

சாப்பாட்டுக்கு வருவோம், நம் வீடுகளில் தவறுவது இங்கேதான். படுத்தே இருப்பதால் எடை கூடும், சர்க்கரை ஏறும் என்று சாப்பாட்டைக் குறைத்துவிடுகிறார்கள். கூடவே ஆட்டுக்கால் சூப், பிரண்டைத் துவையல். சூப் குடிக்கலாம், தவறில்லை. ஆனால் அதிலுள்ள ஜெலட்டின் தசைக்கு வேண்டிய எல்லா அமினோ அமிலங்களும் கொண்ட புரதம் இல்லை. சூப் குடித்துவிட்டோம் என்று முட்டையையும் மீனையும் விட்டுவிடாதீர்கள்.

அசையாமல் இருக்கும் காலத்தில் கிலோ எடைக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை புரதம் தேவை. உங்கள் எடை 70 கிலோ என்றால் 84 முதல் 112 கிராம். காலையில் மூன்று இட்லியும் தேங்காய்ச் சட்னியும் சாப்பிட்டால் ஆறு ஏழு கிராம்தான் வரும். கூட இரண்டு முட்டை சேர்த்தால் 12 கிராம் கூடும். மதியம் 100 கிராம் மீனில் 20 கிராம், சாயங்காலம் ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டலில் 13 கிராம் அளவுக்கு, இரவு 30 கிராம் சோயா உருண்டையில் 15 கிராம் கிடைக்கும். பருப்பு, தயிர், ஒரு டம்ளர் பால் மிச்சத்தை நிரப்பும். எல்லாவற்றையும் இரவு ஒரே வேளையில் தள்ளாமல் மூன்று வேளைக்கும் பிரித்துச் சாப்பிடுங்கள். சர்க்கரை இருப்பவர் என்பதால் புரதத்தைக் கூட்டும் முன் இரத்தத்தில் கிரியேட்டினின் பார்த்து, சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று மருத்துவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். புகைப்பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், எலும்பு கூடுவதை அது தாமதப்படுத்தும்.

சென்னைப் புழுக்கத்தில் கட்டுக்குள் அரிக்கத்தான் செய்யும். ஸ்கேலோ பின்னல் ஊசியோ உள்ளே விடாதீர்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குப் புண்பட்டது தெரியாமலே சீழ் பிடித்துவிடும். வீக்கம் வடிந்து தசையும் மெலியும்போது கட்டு லொடலொடவென்று ஆகும். அப்போது பஞ்சு திணிக்காமல் மருத்துவரிடம் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள். வலி கூடிக்கொண்டே போனாலோ, விரல் மரத்து நீலம் பாய்ந்தாலோ, விரலை யாராவது அசைத்தால் தாங்க முடியாமல் வலித்தாலோ அது அவசரம். உடனே, எந்த நேரமானாலும் மருத்துவமனைக்குப் போங்கள். திடீரென மூச்சுத் திணறினாலோ நெஞ்சு வலித்தாலோ 108-ஐ அழையுங்கள், காலில் உறைந்த இரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம்.

இத்தனையும் செய்தாலும் கால் கொஞ்சம் மெலியும். மெலிந்த வேகத்தில் அது திரும்பி வராது, கூடுதல் காலம் எடுக்கும். எண்ணெய் தேய்த்து உருவிவிட்டால் சதை பிடிக்கும் என்று சொல்பவர்கள் வருவார்கள். தேய்ப்பதால் தசை வளராது, எடை தாங்கி வேலை செய்தால்தான் வளரும். கட்டுப் பிரிக்கும் நாளிலேயே பிசியோதெரபிக்கும் எழுதி வாங்கிவிடுங்கள். கே.கே. நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவமனை இருக்கிறது. அவ்வளவு தூரம் போக முடியாவிட்டால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள். உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் யாரையாவது அனுப்பி இந்த வாரமே விசாரிக்கச் சொல்லுங்கள்.