வெளிநாட்டு ஊழியப் பயணம்: வாலிபர் குழுக்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் சபை வாலிபர்கள் முதல்முறையாக வெளிநாட்டு ஊழியத்துக்குப் போகிறார்கள். ஒரு நாளில் எவ்வளவு வேலை வைக்கலாம்?

பதில்: பெரிய வேலை இரண்டு போதும், காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. அதற்கு மேல் வைத்தால் எதுவும் ஒழுங்காக நடக்காது. வெயில் உள்ள நாடென்றால் ஆறு மணிக்கு எழுந்து, அரை மணி நேரம் அவரவர் தனி ஜெபமும் வேத வாசிப்பும். காலை உணவு முடிந்ததும் பத்து நிமிடம் எல்லாரும் நின்றபடியே பேசிவிடுங்கள்: யார் எங்கே போகிறார்கள், முதலுதவிப் பை யாரிடம், குடிதண்ணீர் யார் பொறுப்பு. எட்டு மணி முதல் பதினொன்றரை வரை உடலுழைப்பு. சாப்பிட்டு இரண்டரை வரை கட்டாய ஓய்வு. மூன்று முதல் ஐந்து வரை சிறுவர் கூடுகை. மாலையில் வீடு சந்திப்போ ஆராதனையோ, ஏதாவது ஒன்று மட்டும்.

பெரும்பாலான குழுக்கள் சறுக்குவது மூன்றாம் நாளில். முதல் இரண்டு நாளும் உற்சாகத்தில் ஓடிவிடும். நேர மாற்றத்தால் இரவு மூன்று மணிக்கே முழிப்பு வந்தது அப்போது பெரிதாகத் தெரியாது. மூன்றாம் நாள் தூக்கக் கடன் மொத்தமும் சேர்ந்து அழுத்தும். சின்ன விஷயத்துக்கெல்லாம் கோபம், அழுகை. அந்தப் பிற்பகலை முன்கூட்டியே காலியாக வைத்துவிடுங்கள். இரவுக் கூடுகையும் நாற்பது நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். இன்று எது உன்னைத் தொட்டது, எது கஷ்டமாக இருந்தது, நாளை எதை மாற்ற வேண்டும் என்ற மூன்று கேள்வி, பிறகு ஜெபம், படுக்கை.

இன்னொன்று: நிகழ்ச்சியின் எஜமான் நீங்கள் அல்ல, உங்களை அழைத்த சபையின் போதகர். சபையில் ஒரு மரணம் நேர்ந்து, அன்றைய வேலை எல்லாவற்றையும் அவர் நிறுத்தச் சொன்னால் முறுமுறுக்காமல் நிறுத்துங்கள். துக்க வீட்டில் நாற்காலி எடுத்துப் போடுவதும் ஊழியம்தான்.

கேள்வி: மொழிபெயர்ப்பாளரோடு சாட்சி (தேவன் தங்கள் வாழ்வில் செய்ததைச் சபை முன் பகிர்வது) சொல்வதற்குப் பிள்ளைகளை எப்படித் தயார் செய்வது?

பதில்: பத்து நிமிடம் தந்தால் உங்களுக்குக் கிடைப்பது ஐந்து நிமிடம். வீட்டில் சொல்லிப் பார்க்கும்போதே ஐந்து நிமிடத்துக்குள் முடிகிறதா என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள்.

வாக்கியம் சிறியதாக, முழுதாக இருக்கட்டும். பாதியில் நிறுத்தினால் வினை என்னவென்று தெரியாமல் மொழிபெயர்ப்பாளர் திணறுவார், ஏனென்றால் சொல் வரிசை மொழிக்கு மொழி மாறும். எதுகை மோனை, சிலேடை, தலைப்பெழுத்து விளையாட்டு எல்லாம் அடுத்த மொழியில் ஒன்றுமில்லாமல் போகும், விட்டுவிடுங்கள். பேசும்போது சபையைப் பாருங்கள், மொழிபெயர்ப்பாளர் முகத்தை அல்ல. வசனத்துக்கு அதிகாரம், எண் மட்டும் சொன்னால் போதும்; அவர் தம் மொழி வேதாகமத்திலிருந்தே வாசிப்பார், ஜனங்களுக்குப் பழகிய வார்த்தைகளும் அவைதான். குறிப்பை முந்தின இரவே அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

நாள் முழுவதும் ஒரே ஆளை வைத்து ஓட்டாதீர்கள். அரை மணி நேரம் தொடர்ந்து மொழிபெயர்த்தாலே மூளை களைத்துவிடும், பிறகு சுருக்கிச் சொல்ல ஆரம்பிப்பார். இரண்டு பேர் மாறி மாறிச் செய்வதே நல்லது.

கேள்வி: நாற்பது பிள்ளைகளுக்குக் கைவேலைப் பொருள் கொண்டுபோகிறோம். கூடுதலாக வந்தால்?

பதில்: வருவார்கள். முதல் நாள் வந்த பிள்ளை மறுநாள் தம்பி தங்கையையும் பக்கத்து வீட்டாரையும் கூட்டி வரும். அதனால் கூடுகையைப் பொருளின் மேல் கட்டாதீர்கள். செய்கைப் பாட்டு, நடித்துக் காட்டும் வேதக் கதை, மனப்பாட வசனம் மூன்றுக்கும் எண்ணிக்கை தடையில்லை. கைவேலையைக் கடைசியில் வையுங்கள். எல்லாருக்கும் காணாது என்று தெரிந்தால் பையைத் திறக்கவே வேண்டாம். ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியர்களிடம் ஒப்படைத்துவிடுங்கள். பாதிப் பேருக்குக் கொடுத்து மீதிப் பேரை வெறுங்கையோடு அனுப்பினால், அந்தப் பழி நீங்கள் போன பிறகு அந்தச் சபையின் தலையில்தான் விழும்.

மணி கோக்கும் வேலை என்றால் நூலை 30 சென்டிமீட்டராக ஊரிலேயே வெட்டி, ஒரு முனையில் முடிச்சுப் போட்டு, மறு முனையில் செலோ டேப்பை இறுக்கிச் சுற்றி எடுத்துப் போங்கள். இதைச் செய்யாவிட்டால் நூல் பிரிந்து மணி ஏறாது. பிள்ளைகள் வாயில் வைத்து நனைத்துக்கொண்டிருக்க நேரம் போய்விடும். மூன்று வயதுக்கு உட்பட்டவர்கள் கையில் மணி போகவே கூடாது, தொண்டையில் சிக்கும்.

பாதுகாப்பில் சலுகையே கிடையாது. எந்தப் பிள்ளையோடும் உங்கள் குழுவினர் எவரும் தனியே இருக்கக் கூடாது. எப்போதும் இரண்டு பெரியவர்கள், மற்றவர் கண் படும் இடத்தில். கழிப்பறைக்குக் கூட்டிப்போவது உள்ளூர் ஆசிரியர்கள் வேலை. பெற்றோர் சம்மதமில்லாமல் படம் எடுக்க வேண்டாம். சம்மதித்தாலும் பெயரையும் ஊரையும் சேர்த்து வலைத்தளத்தில் போட வேண்டாம்.

கேள்வி: சபைக் கட்டடத்துக்குச் சுவர் எழுப்ப உதவப் போகிறோம். அனுபவமில்லாதவர்கள் எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: கொத்தனார் சொன்னதைச் செய்யுங்கள், அவருக்குப் பதிலாக அல்ல, அவருக்குக் கையாளாக. சுட்ட செங்கலை முன்பே தண்ணீரில் ஊறவையுங்கள், காய்ந்த கல் கலவையின் ஈரத்தை உறிஞ்சிப் பிடிப்பைக் கெடுக்கும். ஒரு சிமெண்டுக்கு ஆறு மணல் என்பது வழக்கமான அளவு. ஒரே நாளில் ஒன்றரை மீட்டருக்கு மேல் சுவரை ஏற்ற வேண்டாம், அடிக்கலவை இறுகும் முன் பாரம் ஏறிவிடும். ஈர சிமெண்ட் தோலை அரித்துப் புண்ணாக்கும், உடனே வலிக்காததால் யாரும் கவனிப்பதில்லை. ரப்பர் கையுறையும் பூட்ஸும் போடுங்கள், பேண்ட் பூட்ஸுக்கு வெளியே இருக்கட்டும்.

கேள்வி: சுற்றுலா விசாவில் போய் ஊழியம் செய்யலாமா?

பதில்: நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. சில நாடுகளில் சுற்றுலா விசாவில் பிரசங்கிப்பதே குற்றம். அந்த நாட்டுத் தூதரகத்தில் உண்மையைச் சொல்லிக் கேளுங்கள். பொய் சொல்லி நுழைந்தால் உள்ளூர் போதகருக்குத்தான் ஆபத்து. பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்கு நோட்டரி கையொப்பமிட்ட பெற்றோர் சம்மதக் கடிதம் வேண்டும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கேட்கும் நாடென்றால், ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும்.

கேள்வி: வயிற்றுப்போக்கு வந்தால்?

பதில்: முதலில் வராமல் பாருங்கள். பல் துலக்கவும் காய்ச்சிய தண்ணீர் அல்லது மூடி உடைக்காத பாட்டில் தண்ணீர். குளிர்பானத்தில் ஐஸ் வேண்டாம். தண்ணீர் தளதளவென்று கொதித்த பின் ஒரு நிமிடம் போதும், 2000 மீட்டருக்கு மேற்பட்ட மலைப்பகுதியில் மூன்று நிமிடம். வந்துவிட்டால் ஓ.ஆர்.எஸ். பொட்டலம். அது இல்லாவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடினால் ஆபத்து, கண்ணளவில் போடாதீர்கள். மலத்தில் இரத்தம், கடும் காய்ச்சல், குடித்ததெல்லாம் வாந்தி என்றால் ஆஸ்பத்திரிதான். எந்த ஆஸ்பத்திரி, நள்ளிரவில் யாருடைய வண்டி வரும் என்பதைப் போய் இறங்கிய அன்றே சபையாரிடம் கேட்டு, எல்லார் கையிலும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.