17(பி) குறிப்பாணை: வருத்தக் கடிதம் எழுதுவதற்கு முன்

கேள்வி: அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் பட்டதாரி ஆசிரியராக இருக்கிறேன். எட்டாம் வகுப்பில் இரண்டு மாணவர்கள் கட்டிப்புரண்டு சண்டையிட்டார்கள். விலக்கிவிடும்போது ஒருவன் மேசை விளிம்பில் மோதி நெற்றியில் காயம்பட்டது. நான் அடித்ததாக அவன் பெற்றோர் புகார் கொடுத்தார்கள். பணியிடை நீக்கம் செய்தார்கள். இப்போது 17(பி) குறிப்பாணை, அதாவது ஒழுங்கு நடவடிக்கைக்கான குற்றச்சாட்டு ஆணை வந்திருக்கிறது. 15 நாளில் விளக்கம் தர வேண்டும். “வருந்துகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள், கண்டனத்தோடு முடித்துவிடுவார்கள்” என்கிறார் தலைமையாசிரியர். சண்டையைத் தொடங்கிய இன்னொரு மாணவனை டி.சி. கொடுத்து அனுப்பப் போவதாகவும் கேள்விப்படுகிறேன். நான் என்ன செய்வது?

பதில்: அந்த வருத்தக் கடிதத்தை எழுதாதீர்கள். தலைமையாசிரியர் நல்லெண்ணத்தோடே சொல்லியிருக்கலாம். ஆனால் தண்டனையை முடிவு செய்பவர் அவர் அல்ல. அவருடைய வாக்குறுதி மேலே உள்ள அதிகாரியைக் கட்டுப்படுத்தாது.

1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு குடிமைப் பணிகள் (ஒழுங்கு மற்றும் மேல்முறையீடு) விதிகளில் 17(ஏ) சிறு தண்டனைகளுக்கானது. 17(பி) பதவியிறக்கம், பணி நீக்கம், பணியறவு (டிஸ்மிஸ்) வரை போகக்கூடியது. அதனால்தான் 17(பி)யில் முழு விசாரணைக்கு இடம் வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: நீங்கள் ஒப்புக்கொள்ளாத குற்றச்சாட்டுகளுக்குத்தான் சாட்சி விசாரணை. “நடந்ததற்கு வருந்துகிறேன்” என்ற ஒரு வரியைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டால், யாரையும் விசாரிக்காமலேயே ஆணை பிறப்பித்துவிட முடியும். கண்டனத்தோடு நிற்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

குறிப்பாணையை இப்போது கையில் எடுங்கள். குற்றச்சாட்டு, அதற்கான விவரம், ஆவணப் பட்டியல், சாட்சிப் பட்டியல் என்று இணைப்புகள் இருக்கும். கூடவே வாய்மொழி விசாரணை வேண்டுமா, நேரில் கேட்கப்பட விரும்புகிறீர்களா, இரண்டும் வேண்டுமா என்று கேட்டிருப்பார்கள். பலர் இந்த இடத்தைக் கவனிக்காமல் நான்கு பக்கத்துக்குத் தன் நேர்மையை விவரித்து எழுதி அனுப்பிவிடுகிறார்கள். “வாய்மொழி விசாரணை வேண்டும், நேரிலும் கேட்கப்பட வேண்டும்” என்று தெளிவாக எழுதுங்கள். நீங்கள் கேட்டால் விசாரணை நடத்தியே ஆக வேண்டும் என்பது விதி. அதில் எதிர்த்தரப்புச் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யலாம். உங்கள் சாட்சிகளை அழைக்கச் சொல்லலாம். மறுக்க வேண்டுமானால் விசாரணை அலுவலர் காரணத்தைப் பதிவு செய்தாக வேண்டும்.

விளக்கத்துக்கு முன் ஆவணங்களைக் கேளுங்கள்: புகாரின் நகல், முதற்கட்ட விசாரணையில் வாங்கிய வாக்குமூலங்கள், மாணவனின் மருத்துவப் பதிவு. மேசையில் மோதியதா, கை பட்டதா என்பதில் இந்த மருத்துவப் பதிவு பெரிய சாட்சி. நகல் தாமதமானால், கெடு முடிவதற்கு முன்பே கால நீட்டிப்புக் கேட்டுக் கடிதம் கொடுத்து, அதைப் பெற்றதற்கான ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். குற்றச்சாட்டுக்கு ஆதாரமான ஆவணங்களைத் தராமல் நடத்திய விசாரணையை உச்ச நீதிமன்றம் 2010-இல் உத்தரப் பிரதேசத்தின் சரோஜ் குமார் சின்ஹா வழக்கில் ஏற்கவில்லை. நீங்கள் கேட்டீர்கள் என்பதற்குச் சான்று இருந்தால்தான் இந்தத் தீர்ப்பு உங்களுக்கு உதவும்.

விளக்கம் சுருக்கமாக இருக்கட்டும். ஒவ்வொரு குற்றச்சாட்டையும் தனித்தனியே குறிப்பிட்டு மறுத்து, நடந்ததை வரிசையாகச் சொல்லுங்கள். கண்டிப்பு, நல்ல நோக்கம் என்ற பேச்சே வேண்டாம். ‘அடியாத மாடு படியாது’ என்ற எண்ணத்தின் சாயல்கூட அதில் விழக்கூடாது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. எந்த நோக்கமும் அதற்கு விலக்கல்ல. அந்தத் தடை சரியானது என்றே நான் உறுதியாக நம்புகிறேன். நீங்கள் உண்மையிலேயே கை ஓங்கியிருந்தால் ஒரு வார்த்தை எழுதுவதற்கு முன் பணி விதிகள் தெரிந்த வழக்கறிஞரிடம் அதை மறைக்காமல் சொல்லுங்கள். துறை விசாரணையில் பொதுவாக வழக்கறிஞர் வாதாட முடியாது. சக அரசு ஊழியர் ஒருவரின் உதவியை அனுமதிக்குமாறு எழுத்தில் கேளுங்கள்.

விசாரணை நாளில் பதிவானதைப் படித்துப் பார்த்துவிட்டே கையொப்பமிட வேண்டும். விசாரணை அறிக்கையின் நகல் தண்டனைக்கு முன் உங்கள் கைக்கு வந்தாக வேண்டும். அதன் மீது கருத்துச் சொல்லும் உரிமையை உச்ச நீதிமன்றத்தின் 1993-ஆம் ஆண்டு கருணாகர் வழக்குத் தீர்ப்பு உறுதி செய்திருக்கிறது. பணி நீக்கம், பணியறவு, பதவியிறக்கம் என்று வந்தால், பொதுவாக விசாரணையும் பதில் சொல்ல வாய்ப்பும் இல்லாமல் அவற்றை விதிக்கக் கூடாது என்கிற அரசமைப்புச் சட்டத்தின் 311-ஆவது பிரிவும் உங்களுக்குத் துணை. (உதவிபெறும் பள்ளி ஆசிரியர்களுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது.)

பணியிடை நீக்கம் தண்டனை அல்ல. அந்தக் காலத்தில் பிழைப்புக்காகத் தரும் தொகையான பிழைப்பூதியம் உங்கள் உரிமை. வேறு வேலையில் இல்லை என்ற சான்றை மாதந்தோறும் கொடுத்து வாருங்கள். பணியிடை நீக்கத்தை நீட்டிப்பதானால் காரணம் கூறும் ஆணை வேண்டும் என்று 2015-இல் அஜய் குமார் சௌத்ரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. காலம் கடந்தால் தானாகவே பணிக்குத் திரும்பிவிடலாம் என்று நினைத்துவிடாதீர்கள். மறுஆய்வு கோரி மனு கொடுங்கள்.

இனி அந்த இன்னொரு மாணவன். எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு. தேர்ச்சி தராமல் அதே வகுப்பில் நிறுத்திவைப்பது தொடர்பாக 2019-இல் கொண்டுவந்த திருத்தம்கூட இந்தப் பாதுகாப்பைத் தொடவில்லை. பெற்றோரை வரவழைத்து, அவர்களே விரும்பி டி.சி. கேட்பதுபோல் எழுதி வாங்குவதும் வெளியேற்றம்தான். உங்களுக்குக் குற்றச்சாட்டு, சாட்சி, பதில் சொல்ல 15 நாள் என்று இத்தனை இருக்கிறது. பதின்மூன்று வயதுப் பையனிடம் என்ன நடந்தது என்றுகூட யாரும் கேட்கவில்லை என்றால் அது பெரிய அநீதி.

ஆனால் நீங்கள் நேரடியாக அவன் வீட்டுக்குப் போக வேண்டாம். அவனும் காயம்பட்ட மாணவனும் உங்கள் விசாரணையில் சாட்சிகளாகலாம். அவர்களையோ பெற்றோரையோ சந்தித்துப் பேசினால் சாட்சியைக் கலைத்ததாகப் புதிய குற்றச்சாட்டு வரும். பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் ஒருவர் வழியாகச் செய்தி போகட்டும்: எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட வேண்டாம், வெளியேற்றும் முடிவு இருந்தால் எழுத்தில் கேட்கட்டும், முதன்மைக் கல்வி அலுவலரிடம் மனு கொடுக்கட்டும். பள்ளிக்கல்வித் துறையின் 14417 உதவி எண்ணிலும், 1098 குழந்தைகள் உதவி எண்ணிலும் அவர்கள் முறையிடலாம். அங்கும் தீராவிட்டால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் இருக்கிறது.