19 ஆண்டு லேத் ஓட்டியவர் இனி எதைப் படிப்பது?

கேள்வி: எனக்கு வயது 41. பத்தாம் வகுப்பு தேறியவன். ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு சிறு பட்டறையில் 19 ஆண்டுகளாக லேத் (கடைசல் எந்திரம்) ஓட்டுகிறேன்; சான்றிதழ் ஏதும் இல்லை. ஆர்டர்கள் எல்லாம் சி.என்.சி. (கணினிக் கட்டுப்பாட்டில் ஓடும் எந்திரம்) உள்ள பட்டறைகளுக்கே போகின்றன. வேலையை விட்டுவிட்டு ஐ.டி.ஐ.யில் சேரலாமா? வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான்.
– ஒரு வாசகர், வாலாஜாபேட்டை

பதில்: வேலையை விட வேண்டாம். ஐ.டி.ஐ.யின் டர்னர் (லேத் வேலை) பிரிவு இரண்டு ஆண்டு பகல்நேரப் படிப்பு. பள்ளியை முடித்து நேரே வரும் பிள்ளைக்கு வெர்னியர் அளவுகோல் பிடிப்பதிலிருந்து சொல்லித்தரும் கணக்கில் வகுக்கப்பட்டது. அதில் பெரும்பகுதி உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கிறது. இல்லாத பகுதியை மட்டும் மாலையிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ கற்க ஊருக்கு ஊர் வழி இருந்திருந்தால், நீங்கள் இக்கடிதத்தை எழுதியிருக்கவே மாட்டீர்கள். இதை நம் தொழிற்கல்வியின் குறை என்றே சொல்வேன், உங்கள் குறையன்று.

இல்லாத பகுதி எது? ஜாப்பை, அதாவது கடைய வேண்டிய துண்டை, சக்கில் (அதைப் பிடித்துக்கொள்ளும் பிடியில்) மாட்டிப் பொத்தானை அழுத்துவது ஆப்ரேட்டர் வேலை. அதைச் சில நாளில் கற்கலாம், சம்பளமும் அதற்கேற்பவே இருக்கும். நீங்கள் குறிவைக்க வேண்டியது, அளவு சரியாக வரும்படி எந்திரத்தை அமைத்துக் கொடுக்கும் செட்டர் வேலை. 40 மில்லிமீட்டர் விட்டம் வர வேண்டிய ஷாஃப்ட் மைக்ரோமீட்டரில் 40.04 என்று காட்டினால், லேத்தில் டயலை ஒரு துளி திருப்புவீர்கள், சி.என்.சி.யில் அந்த வெட்டும் டூலின் ஆஃப்செட்டில் (டூலின் இடத்தைத் திருத்தப் பதியும் எண்ணில்), விட்டத்துக்கான எக்ஸ் மதிப்பில் 0.04 குறைக்கிறார்கள், அவ்வளவுதான். டூல் முனை மழுங்கிவிட்டதை அளந்து பார்க்கும் முன்பே சத்தத்திலும் வெட்டி விழும் உலோகச் சுருளின் நிறத்திலும் கண்டுகொள்ளும் பழக்கம் திரையைப் பார்த்து வருவதன்று. அது உங்களிடம் உண்டு. ஜி00 என்றால் விரைவு நகர்வு, ஜி01 என்றால் வெட்டும் நகர்வு, எம்03 என்றால் ஸ்பிண்டில் (சக்கைச் சுழற்றும் தண்டு) சுழற்சி என்பது போன்ற சில குறியீடுகளும் ஆஃப்செட் கணக்குமே உங்களுக்குப் புதியவை.

இவற்றைக் கற்க இடம் உண்டு. 2022-இல் டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் தமிழக அரசு செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி 71 அரசு ஐ.டி.ஐ.கள் நவீன எந்திரங்களுடன் மேம்படுத்தப்பட்டன. நீண்டகாலப் படிப்புகளோடு குறுகியகாலப் பயிற்சிகளும் அத்திட்டத்தில் உள்ளன. அருகிலுள்ள நிலையத்துக்கு நேரில் சென்று, வேலையில் இருப்பவருக்கு ஏற்ற நேரத்தில் பயிற்சி உண்டா என்று அந்நிலையத்தின் முதல்வரிடமே கேளுங்கள். இல்லை என்றால் எழுத்தில் மனுக் கொடுங்கள். பத்துப் பேர் சேர்ந்து கொடுத்தால் கவனிப்பார்கள்.

சான்றிதழுக்கு வேறொரு வழி இருப்பதைப் பலர் அறிவதில்லை. பட்டறை அனுபவம் உள்ளவர்கள் அகில இந்தியத் தொழிற்தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். இதற்கான அறிவிப்பை வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை வெளியிடும். பனப்பாக்கத்தில் 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பட்ட டாடா மோட்டார்ஸ் ஆலை போன்றவற்றின் வாசலில், கைத்திறனைக் காட்டும் வாய்ப்பே காகிதத்தைக் காட்டிய பிறகுதான் கிடைக்கும் என்பதால் இதைத் தள்ளிப் போடாதீர்கள்.

தேர்வுக்கு அனுபவச் சான்று வேண்டியிருக்கும். அதை உங்கள் முதலாளியிடம் இந்த மாதமே, உறவு சுமுகமாக இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். வேறு வேலை தேடுகிறீர்கள் என்று காதில் விழுந்த பிறகு கேட்டால், கையெழுத்துக்கு நடையாய் நடக்க வேண்டிவரும். பி.எஃப். அல்லது இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் அந்த ரசீதுகளின் நகலையும் அதனுடன் சேர்த்து வையுங்கள்.