பெட்ரோமாக்ஸ் ஏன் புகைகிறது?

கேள்வி: முகாமுக்குக் கொண்டுபோகும் பெட்ரோமாக்ஸ் விளக்கு, பற்ற வைத்ததும் மஞ்சளாகக் குபுகுபுவென்று எரிந்து கண்ணாடி முழுக்கக் கரியாகிறது. எண்ணெய் ஆவி வெளியேறும் சின்ன ஓட்டை உள்ள நிப்பிளை மாற்றிப் பார்த்தாச்சு, பலனில்லை. என்ன கோளாறு?

பதில்: நிப்பிள் பாவம், அதன் மேல் குற்றமே இல்லை. உங்கள் அவசரம்தான் காரணம் என்று தோன்றுகிறது. இந்த விளக்கில் மண்ணெண்ணெய் திரவமாக எரிவதில்லை. மேலே ஏறும் குழாயில் சூடாகி ஆவியான பிறகுதான் மேண்டிலுக்கு, அதாவது வெளிச்சம் தரும் வலைப் பைக்கு, போகவேண்டும். குழாய் சூடாகவில்லை என்றால் எண்ணெய் அப்படியே பீய்ச்சியடித்து, நீங்கள் சொல்கிற மஞ்சள் தீயும் கரியும்தான் வரும். அதனால் டேங்க் மூடியில் உள்ள காற்றுத் திருகைத் திறந்துவிட்டு, குழாயைச் சூடாக்குவதற்கென்று உள்ள சின்னக் கிண்ணத்தில் ஸ்பிரிட்டை நிரம்ப ஊற்றிப் பற்ற வையுங்கள். அது எரிந்து அணையப்போகும் நேரத்தில் திருகை மூடி, பம்ப் அடித்து, எண்ணெய் வழியைத் திறந்து மூடும் சக்கரத்தைத் திருப்பித் திறக்கலாம். குளிரும் காற்றும் இருந்தால் ஒரு கிண்ணம் போதாது. தீ முழுக்க அணைந்து கிண்ணம் ஆறிய பிறகு இன்னொன்று ஊற்றுங்கள், எரியும் கிண்ணத்தில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள். அப்படியும் மஞ்சளாக எரிந்தால் பதறாமல் காற்றுத் திருகைத் திறந்துவிடுங்கள், அழுத்தம் இறங்கி அடங்கிவிடும்.

சூடாக்கிய பிறகும் வெளிச்சம் மங்கலாக இருந்தால் மட்டும் நிப்பிளைச் சந்தேகப்படலாம். விளக்கு எரியும்போதே சக்கரத்தை ஒரு முழுச் சுற்று சுற்றினால் உள்ளே இருக்கும் ஊசி ஓட்டைக்குள் ஏறி இறங்கி அடைப்பை எடுத்துவிடும்.

கேள்வி: பம்ப் எவ்வளவு அடித்தாலும் காற்றே ஏறுவதில்லை.

பதில்: தோல் வாஷர் காய்ந்திருக்கும். பம்ப் தண்டைக் கழற்றி, வாஷரின் விளிம்பை விரலால் வெளிப்பக்கம் விரித்துவிட்டு, சில சொட்டு எண்ணெய் விட்டு ஊறவையுங்கள். பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும். அடித்த பிறகு கைப்பிடி தானாக மேலே எழும்பினால் விஷயம் வேறு, பம்புக்கு அடியில் உள்ள வால்வு கசிகிறது.

கேள்வி: மேண்டிலில் சின்ன ஓட்டைதானே, அப்படியே ஓட்டலாமா?

பதில்: கூடாது. அந்த ஓட்டை வழியாகத் தீ ஊசி மாதிரி கண்ணாடியில் ஒரே இடத்தில் அடித்து, அதை விரிசல் விட வைக்கும். புதியதைக் கட்டியதும் முதலில் எரித்துச் சாம்பல் வலையாக்க வேண்டும். அதற்குப் பிறகு விரல் பட்டாலே உதிர்ந்துவிடும், அதனால் பயணத்தில் எப்போதும் உபரி மேண்டில் இருக்கட்டும். பழைய வகை மேண்டில்களில் தோரியம் இருக்கும், லேசான கதிர்வீச்சு உண்டு, ஆகவே உடைந்த தூளை ஊதித் தள்ளாதீர்கள், ஈரத்துணியால் துடைத்தெடுத்துவிட்டுக் கை கழுவுங்கள்.

கேள்வி: மண்ணெண்ணெய் கிடைக்காத இடத்தில் பெட்ரோல் ஊற்றலாமா? கூடாரத்துக்குள் வைக்கலாமா?

பதில்: இரண்டுமே வேண்டாம். மண்ணெண்ணெய் சுமார் 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானால்தான் பற்றக்கூடிய அளவு ஆவி விடும். பெட்ரோலோ பூஜ்யத்துக்கு வெகு கீழேயே விட்டுவிடும். மண்ணெண்ணெய்க்கென்று செய்த விளக்கில் அதை ஊற்றுவது வெடியைக் கட்டி வைத்துக்கொள்வதுதான். கூடாரத்துக்குள் தீப்பிடிக்கும் பயம் ஒருபுறம், கார்பன் மோனாக்சைடு இன்னொருபுறம். அதற்கு வாசனையே கிடையாது, தூங்கிக்கொண்டிருந்தால் தெரியவே தெரியாது. வெளியே ஒரு கொம்பு நட்டு அதில் மாட்டுங்கள்.