இஸ்திரிக்காரரின் நோட்டில் இருக்கிறது உங்கள் அலமாரிக் கணக்கு

கேள்வி: ஆம்பூரில் ஒரு தோல் காலணி ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வயது 38. கைக்கு வரும் சம்பளம் 58,000 ரூபாய். வீட்டுக் கடன் தவணை 17,500. கிரெடிட் கார்டில் 46,000 ரூபாய் பாக்கி நிற்கிறது. மாதா மாதம் குறைந்தபட்சத் தொகையான 2,300 ரூபாயை மட்டும் கட்டி வருகிறேன். கணக்கைக் கூட்டிப் பார்த்ததில், என் ஒருவனுடைய துணிமணிக்கு மட்டும் கடந்த ஓராண்டில் 72,000 ரூபாய் போயிருக்கிறது. இருந்தும் காலையில் அலமாரியைத் திறந்தால் போட்டுக்கொள்ள ஒன்றும் அகப்படுவதில்லை. இந்த ஆண்டு பதவி உயர்வு வந்தது. மாதம் இரண்டு முறை சென்னை போக வேண்டும். பிப்ரவரியில் மிலன் தோல் கண்காட்சிக்கு ஆறு நாள் அனுப்புகிறார்கள். ‘கேப்சூல் வார்ட்ரோப்’ என்று ஒரு வீடியோ பார்த்தேன். மொத்தம் 37 உருப்படிகள், எதை எடுத்தாலும் எதனோடும் பொருந்தும், பிறகு பல ஆண்டுகளுக்குத் துணிக்கடைப் பக்கமே போக வேண்டாம் என்கிறார்கள். பட்டியல் போட்டேன், 64,000 ரூபாய் வருகிறது. பழையதை எல்லாம் கழித்துவிட்டு, வட்டியில்லாத் தவணையில் 12 மாதத்துக்கு இதை வாங்கலாமா? ஒரு முதலீடு என்று வைத்துக்கொள்ளலாம் அல்லவா? இன்னொன்று: மனைவியிடம் எண்பதுக்குக் குறையாமல் புடவைகள் இருக்கின்றன. அவரையும் குறைக்கச் சொல்லலாமா?

- வாசகர், ஆம்பூர்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சொல்ல வேண்டாம். கார்டு பாக்கி உங்கள் சட்டைகளால் வந்தது. புடவைகளால் வந்ததாக நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. மேலும், ஓர் ஆரணிப் பட்டுப்புடவையை அம்மா மகளுக்குக் கொடுப்பார், மகள் அதைத் தன் மகளுக்கு வைத்திருப்பாள். உங்கள் ஸ்லிம் ஃபிட் சட்டையை யாரும் யாருக்கும் விட்டுச் செல்லப் போவதில்லை.

இனி அந்த 64,000. முதலீடு என்ற சொல்லை இங்கே எடுக்காதீர்கள். பில் போட்ட அடுத்த நிமிடமே பாதி விலைக்குக்கூட விற்க முடியாத பொருளுக்கு அந்தப் பெயர் பொருந்தாது. குறைந்த உடுப்பு, நிறையச் சேர்க்கை என்ற யோசனை நல்ல யோசனைதான், அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் அதன் பூர்வீகத்தைப் பாருங்கள். 1970களில் லண்டனில் துணிக்கடை நடத்திய ஒரு பெண்மணி பரப்பிய யோசனை அது. 1985-இல் நியூயார்க்கின் டோனா கேரன், ஏழே உருப்படிகளை மாற்றி மாற்றி அணியும் விதமாக ஒரு வரிசையைச் சந்தைக்குக் கொண்டுவந்து பெயர் வாங்கினார். இருவரும் துணி விற்றவர்கள். குறைவாக வைத்துக்கொள் என்ற அறிவுரையையும் விலைக்கு விற்கத் தெரிந்தவர்கள். உங்கள் வீடியோக்காரரும் அந்த வழியில்தான் வருகிறார்.

நீங்கள் அனுப்பிய பட்டியலை வரி வரியாகப் படித்தேன். டிரெஞ்ச் கோட் ஒன்று, கழுத்து மூடிய ஸ்வெட்டர் இரண்டு, கம்பளிக் கால்சட்டை ஒன்று. ஆம்பூரில்! ஏப்ரல் பிறந்தால் இந்தப் பக்கம் வெயில் 40 டிகிரியைத் தொட்டுக்கொண்டு நிற்கும். அக்கினி நட்சத்திரத்தில் பனியனே பாரமாக இருக்கும். அது குளிர் நாட்டுக்காரர் தன் ஊருக்குப் போட்ட பட்டியல். ‘லவுஞ்ச் வேர்’ என்று 3,200 ரூபாய் எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்குப் பக்கத்தில்தான் குடியாத்தம் இருக்கிறது. ஊர் ஊருக்கு லுங்கி நெய்து அனுப்பும் இடத்துக்கு அருகில் இருந்துகொண்டு, வீட்டில் சும்மா உட்கார 3,200 ரூபாய்க்கு உடுப்பா? 7,500 ரூபாய் ஷூவைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. ஏற்றுமதியில் மிஞ்சிய ஜோடிகள் ஆம்பூர் கடைகளில் என்ன விலைக்குப் போகின்றன என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

ஏளனம் செய்வதாக நினைக்க வேண்டாம், நானும் இதே குட்டையில் கிடந்தவன்தான். சில வருடங்களுக்கு முன் வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் தெரு முனை இஸ்திரி வண்டியில் துணி வாங்கப் போனேன். இஸ்திரிக்காரர் நோட்டைப் பார்த்து எண்ணிக் கொடுத்தபடியே, “சார், நீங்கள் நிதிக்காரர் என்பது சரியாகத்தான் இருக்கிறது. ஏழே சட்டையில் காலத்தை ஓட்டுகிறீர்களே” என்றார், பாராட்டும் குரலில். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்து எண்ணினேன். 31 சட்டைகள். அவருடைய வண்டிக்குப் போனவை ஏழுதான். ஒன்றில் விலைச் சீட்டுகூடக் கழற்றவில்லை: 1,899 அடித்து 949. ஆடித் தள்ளுபடியில் வாங்கியது, கழுத்தளவு அரை அங்குலம் சிறிது. 950 ரூபாய் மிச்சம் என்று அன்று வீட்டில் பெருமையாகச் சொன்ன நினைவும் வந்தது.

அதனால் உங்களுக்கு வீடியோ வேண்டாம், உங்கள் இஸ்திரிக்காரரின் நோட்டு போதும். துணி எண்ணிக்கையை மட்டும் எழுதுகிறவர் என்றால், ஒரு மாதத்துக்கு நீங்களே ஒரு காகிதத்தில் எந்தச் சட்டை போயிற்று என்று குறித்து வாருங்கள். திரும்பத் திரும்பப் போகும் எட்டோ பத்தோ உருப்படிகள் தெரியவரும். அவைதான் உங்கள் கேப்சூல். அதற்கு நீங்கள் ஏற்கெனவே பணம் கொடுத்தாகிவிட்டது.

அந்தப் பத்தையும் படுக்கையில் பரப்பிவைத்து ஒரு கேள்வி கேளுங்கள்: ஏன் இவை மட்டும்? என் விஷயத்தில் விடை அற்பமானது. ஏழும் பருத்தி, ஏழும் வெளிர்நிறம், ஏழுக்கும் பையில் பேனா நிற்கும். மற்ற 24-இல் பாதி பாலியெஸ்டர் கலந்தவை. மே மாதத்தில் முதுகோடு ஒட்டிக்கொள்பவை. வாங்கும்போது கடையில் ஏசி ஓடியது, எனக்கு அது உறைக்கவில்லை. காரணம் தெரிந்துவிட்டால், அடுத்த முறை கடையில் கை தானாகப் பின்வாங்கும்.

ஒரு உடுப்பின் விலையை, அதை எத்தனை முறை உடுத்தினோம் என்பதால் வகுத்துப் பார்ப்பது என் வழக்கம். 650 ரூபாய்ச் சட்டையை 90 முறை போட்டிருந்தால் ஒரு தடவைக்கு ஏழு ரூபாய் சொச்சம். எங்கள் தெருவில் அதை இஸ்திரி போடும் கூலியே பத்து ரூபாய். அந்த 949 ரூபாய்ச் சட்டை இன்றுவரை ஒரு முறைகூட உடம்பில் ஏறவில்லை. அதை எதால் வகுப்பது? (பட்டுப்புடவைக்கு இந்த வகுத்தல் செல்லாது. மறுபடியும் மனைவியிடம் போய்விடாதீர்கள்.)

இப்போது உண்மையில் அவசரமான விஷயத்துக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் அதை ஒரு வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். கார்டு பாக்கி 46,000. மாதம் 3.5 சதவீதம் என்று வைத்தால் வட்டி 1,610 ரூபாய். அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, இன்னொரு 290. ஆக 1,900 ரூபாய். நீங்கள் கட்டும் 2,300-இல் அசலில் குறைவது 400 ரூபாய்தான். அதே மாதத்தில் அதே கார்டில் 6,000 ரூபாய்க்குத் துணி எடுக்கிறீர்கள். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதற்குக்கூட இவ்வளவு செலவாகாது. இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை: பாக்கி வைத்திருக்கும் கார்டில் புதிதாக வாங்கும் பொருளுக்கு, வழக்கமாகக் கிடைக்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது. பில் போட்ட தேதியிலிருந்தே வட்டி ஓட ஆரம்பித்துவிடும்.

“வட்டியில்லாத் தவணை”யையும் நம்பிவிடாதீர்கள். பூஜ்ய சதவீத வட்டி என்று ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லியாகிவிட்டது. இப்போது நடப்பது என்ன? வங்கி வட்டி போடுகிறது. அதே அளவைக் கடைக்காரர் விலையில் தள்ளுபடியாகக் காட்டுகிறார். அந்த வட்டிக்கான ஜிஎஸ்டி உங்கள் தலையில் விழும். 64,000 ரூபாய்க்கு, 15 சதவீத வட்டி என்று கொண்டால், அது மட்டும் 900 ரூபாய்க்குக் கிட்டத்தட்ட வரும். செயல்முறைக் கட்டணம் தனி. அதைவிடப் பெரிய கேடு, ஓராண்டுக்கு மாதம் 5,300 ரூபாய் இன்னொரு தவணையில் சிக்கிக்கொள்வது.

ஆகவே, அந்தக் கார்டை அலமாரியிலேயே, அந்த உபயோகமற்ற சட்டைகளின் அடியில் வைத்துவிடுங்கள். துணிக்கு மாதம் 1,500 ரூபாய் என்று வரம்பு கட்டுங்கள். ஆண்டுக்கு 18,000 என்பது தீபாவளி, பொங்கல் எல்லாம் சேர்த்து ஓர் ஆளுக்குத் தாராளம். மிச்சமாகும் 4,500 ரூபாயை இப்போது கட்டும் 2,300-உடன் சேர்த்து மாதம் 6,800 கட்டினால், எட்டு மாதத்தில் பாக்கி கரைந்து, ஒன்பதாவது மாதம் சில நூறு ரூபாய் மட்டும் நிற்கும். அதன்பின் அதே 4,500-ஐ அஞ்சலகத் தொடர்வைப்பில் போடுங்கள். 6.7 சதவீத வட்டியில், ஐந்து ஆண்டில் நீங்கள் கட்டிய 2,70,000 ரூபாய் சுமார் 3,21,000 ரூபாயாகக் கைக்கு வரும்.

பழையதை எல்லாம் கழிக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். கழித்தால் பணம் வரும் என்று எண்ண வேண்டாம். பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுக்கிறவர் தெருவில் வந்தால் ஒரு தூக்குச்சட்டி கிடைக்கலாம், அவ்வளவுதான். கழிப்பதற்கு முன் தையல்காரரிடம் ஒரு நடை போய்வாருங்கள். இடுப்பு இறுகிய கால்சட்டையில் பெரும்பாலும் உள்ளே பிரித்துவிடத் துணி இருக்கும். நூறு, நூற்றைம்பது ரூபாயில் ஒரு கால்சட்டை திரும்பி வருவது, 2,000 ரூபாய்க்குப் புதிதாக ஒன்று வருவதைவிட மேல். பொத்தான் போனது, ஜிப் சிக்கியது எல்லாம் இந்தக் கணக்கில் சேரும்.

எதை வாங்கலாம்? கால்சட்டையில் மட்டும் கொஞ்சம் கவனம் செலுத்துங்கள். கருநீலம், கரும்சாம்பல், காக்கி என்று மூன்று. ஐந்து வெளிர்நிறச் சட்டைகளில் எதை எடுத்தாலும் மூன்றோடும் போகும். ஐந்து மூன்று பதினைந்து. ஆறு நாள் வேலைக்கு இரண்டரை வாரம் திரும்பாமல் ஓடும். இந்த மூன்றில் எது உங்களிடம் இல்லையோ அதை மட்டும் வாங்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் உடுப்பு ஒன்றின் விலை 2,500 ரூபாய் வரை 5 சதவீத வரி, அதைத் தாண்டினால் 18 சதவீதம். 2,400 ரூபாய்க் கால்சட்டைக்கு வரி 120. 2,600 ரூபாய்க் கால்சட்டைக்கு 468. அந்த 200 ரூபாய் உயர்வு உங்களுக்கு உண்மையில் 548 ரூபாய் உயர்வு. காலணிக்கும் இதே எல்லைதான். தோல் ஷூ இரண்டு ஜோடி வைத்து நாள் விட்டு நாள் மாற்றிப் போடுங்கள் என்று உங்களுக்கு நான் சொல்வது, கொல்லன் தெருவில் ஊசி விற்பது. ஆனாலும் சொல்லி வைக்கிறேன்: வியர்வை உலர ஒரு நாள் கிடைத்தால் தோல் நெடுநாள் வரும்.

துவைப்பதிலும் காசு இருக்கிறது. எங்கள் போர்வெல் தண்ணீர் உப்பு. சோப்பு நுரைக்காது, கருநிறத் துணி நாலு துவையலில் வெளுத்துச் சாம்பல் பூத்துவிடும். உள்பக்கம் திருப்பித் துவைத்து, நிழலில் உலர்த்தினால் போதும். உங்கள் பட்டியலில் ஏழு உருப்படி கறுப்பாக இருந்ததால் சொல்கிறேன்.

சென்னைப் பயணத்துக்குத் தனியாக எதுவும் வேண்டாம். காலையில் ரயில் ஏறி இரவில் திரும்புகிறவருக்குத் தோள்பையில் மாற்றுச் சட்டை ஒன்று. சென்ட்ரலில் இறங்கியதும் மாற்றிக்கொள்ளலாம்.

மிலன் வேறு கதை. பிப்ரவரியில் அங்கே காலை நேரத்தில் வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டிக்கூட நிற்கும். ஆனால் கண்காட்சி அரங்குக்குள் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். குளிர் என்பது அறைக்கும் அரங்குக்கும் இடையிலான நேரம் மட்டும். ஆறு நாளுக்கு நாலு சட்டை, இரண்டு கால்சட்டை, ஒரு பிளேசர், உள்ளே போடும் தெர்மல் இரண்டு ஜோடி. பிளேசரையும் கனமான ஷூவையும் விமானத்தில் போட்டுக்கொண்டே ஏறுங்கள். பலவற்றில் கைப்பைக்கு ஏழு கிலோதான் எல்லை. சட்டையை இரவில் குளியலறையில் அலசிப்போட்டால், ஹீட்டர் ஓடும் அறையில் காலைக்குள் உலரும். தெர்மலுக்குப் பணம் செலவழியுங்கள், ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்குள் முடியும்.

அந்த டிரெஞ்ச் கோட்டை வாங்காதீர்கள். ஆண்டுக்கு ஆறு நாள் போட்டுவிட்டு மீதி நாளெல்லாம் நாப்தலின் உருண்டையோடு தொங்கவிட அதற்கு ஓர் அலமாரி வேண்டும். உங்கள் நிறுவனத்தில் உங்களுக்கு முன் மிலன் போய்வந்த யாராவது இருப்பார், அவரிடம் ஒரு கோட்டும் இருக்கும், ஆம்பூரில் அதற்கு வேலையும் இருக்காது. கூச்சப்படாமல் கேளுங்கள். திரும்பி வந்ததும் டிரை கிளீனிங் செய்து, உறையோடு கொண்டுபோய்க் கொடுங்கள். அந்தச் செலவையும் மறக்காமல் மார்ச் மாதத்து 1,500-இல் எழுதிவிடுங்கள்.